மித்திக் கரைக்கு ஒரு துடுப்புச் சங்கம்

மும்பையில் தமிழ் பேசுவோர் தலைமுறை தலைமுறையாக வேர்விட்டிருக்கும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் தண்ணீரை அடுத்த இடங்கள். விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் நீரில் பிறக்கும் மித்தி ஆறு ஏறக்குறைய 18 கி.மீ. ஓடி, குர்லாவையும் பாந்த்ரா-குர்லா வளாகத்தையும் கடந்து, தாராவியின் வடக்கு விளிம்பை உரசிக்கொண்டு மாஹிம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. மாட்டுங்காவிலிருந்து மேற்கே நடந்தால் மாஹிம் விரிகுடா. செம்பூர் ஒரு காலத்தில் டிராம்பே தீவின் வடமேற்கு முனை. அந்தத் தீவின் கிழக்குக் கரையில் இன்றும் தாணே கழிமுகம் அகன்று கிடக்கிறது. தாராவியே மீனவக் குடியிருப்பாகத் தொடங்கிய ஊர். 1909-இல் வெளியான பம்பாய் நகர கெசட்டியர் அதை ஆறு பெரிய கோலிவாடாக்களில், அதாவது கோலி மீனவர் குடியிருப்புகளில், ஒன்றாகக் குறிக்கிறது. இத்தனை இருந்தும், இந்த மூன்று பகுதிகளிலும் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தத் தண்ணீரைப் பார்ப்பது ரயில் ஜன்னல் வழியாகவும் மேம்பாலத்தின் மேலிருந்தும்தான். அதுவும் மூக்கைப் பொத்திக்கொண்டு. உள்ளூர்க் கயாக் சங்கம் ஒன்றில் சேர்வதால் என்ன பயன் என்ற கேள்வியை இந்த நிலையை மனத்தில் வைத்துத்தான் ஆராய வேண்டும்.

கயாக் என்பது ஒருவரோ இருவரோ அமர்ந்து இருமுனைத் துடுப்பால் செலுத்தும் சிறு படகு. முழங்கால் ஆழத் தண்ணீர் போதும். எஞ்சின் வேண்டாம், எரிபொருள் வேண்டாம். இதன் நன்மைகளாகப் பொதுவாகச் சொல்லப்படுபவை மூன்று: உடற்பயிற்சி, மன அமைதி, நல்ல தோழமை. மூன்றும் உண்மை. ஆனால் இவற்றை மட்டும் எண்ணி ஒருவர் கயாக் சங்கத்தில் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸில் காலையில் கூடி நடப்பவர்களுக்கும் இவை பெருமளவு கிடைக்கின்றன. சங்கம் தருகிற, வேறெங்கும் எளிதில் கிடைக்காத நன்மை ஒன்று உண்டு. ஓர் ஊரின் தண்ணீரை வாரந்தோறும் நேரில் கண்டு, அதன் ஏற்றவற்றத்தை அறிந்து, அதற்காகக் குரல் கொடுக்கத் தகுதியும் அக்கறையும் கொண்ட ஒரு கூட்டத்தை அது உருவாக்குகிறது. மற்ற நன்மைகளும் இந்தச் சங்கம் என்ற அமைப்பின் வழியாக வரும்போதுதான் நிலைக்கின்றன என்பது என் வாதம்.

உடலைப் பற்றிய சான்றுகளை முதலில் பார்த்துவிடலாம். 2022 நிலவரப்படி இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் போதிய உடலுழைப்பின்றி வாழ்கிறார்கள் என்று 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்திய பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் தெரிவித்தது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மிதமாகத் துடுப்பு வலித்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாவதைப் போல 5 மடங்கு ஆற்றல் செலவாகும். விறுவிறுப்பான நடையைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். முறையாகக் கற்றவர் கையால் வலிப்பதில்லை, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி வலிக்கிறார். முதுகும் வயிறும் தோளும் சேர்ந்து உழைக்க, முழங்காலுக்குச் சுமை இல்லாமல் போகிறது. மூட்டுவலியால் நடையைக் கைவிட்ட ஐம்பது வயதுக்காரருக்கு இது பெரிய செய்தி. அதேசமயம் தவறாக வலித்தால் தோள்பட்டை பாதிக்கப்படும். வேறு யாராவது அருகிலிருந்து திருத்தினால்தான் அந்தத் தவறு போகும். ஆகவே உடல்நலம் என்ற கணக்கிலேயே, தனியாகத் துடுப்புப் போடுபவரைவிடச் சங்கத்தில் பயில்பவர் முன்னே நிற்கிறார்.

மன நலத்துக்கான சான்றுகளை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் திரட்டிய தகவல்களைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று, வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழிப்பவர்கள் தம் உடலும் மனமும் நலமாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற ஐயத்தை அந்த ஆய்வு முழுமையாகத் தீர்க்கவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் துடுப்பு வீரர்கள் 12 பேரைத் தனித்தனியாகவும் குழுவாகவும் ஒரே அளவு உழைக்க வைத்துப் பார்த்தபோது, சேர்ந்து உழைத்த பிறகு அவர்கள் வலியைத் தாங்கும் அளவு கூடியிருந்தது. 12 பேர் என்பது சின்னக் கூட்டம், அவர்கள் வலித்ததும் கயாக் அல்ல. எனினும் அது காட்டும் திசை தெளிவானது. இதைவிட உறுதியான சான்று 2010-இல் வந்தது. 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்களைத் தொகுத்துப் பார்த்ததில், வலுவான சமூக உறவுகள் கொண்டவர்கள் உயிரோடு நீடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. மும்பையில் வேலை, ரயில், வீடு என்று நாள் முடிந்துபோகிறவர்களுக்கு, குறித்த கிழமையில் குறித்த இடத்தில் தன்னை எதிர்பார்க்கும் பத்துப்பேர் இருப்பது மருந்துக்கு நிகரானது. இந்த நன்மையைத் தருவது தண்ணீர் அல்ல, சங்கத்தின் வருகைப் பதிவேடு என்று யாராவது சொன்னால் அதையும் மறுக்க மாட்டேன்.

அப்படியானால் வாடகைக் கயாக்கே போதாதா? தமிழ்நாட்டின் முட்டுக்காட்டிலும் பிச்சாவரத்திலும் பணம் கட்டி ஏறிச் சுற்றிவிட்டு இறங்கிவிடலாமே? சுற்றுலாவுக்கு அது நல்லதுதான். அலையாத்திக் காட்டுக்குள் ஒருமுறை போய்வருவதே ஒரு குழந்தையின் கண்ணைத் திறந்துவிடும். ஆனால் வாடகைப் படகு, பயணியை நீச்சலறியாதவராக ஏற்றி நீச்சலறியாதவராகவே இறக்கிவிடுகிறது. 2022-இல் மட்டும் இந்தியாவில் 38,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. 2024 ஜனவரியில் வடோதராவின் ஹர்ணி ஏரியில், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 12 பள்ளிப் பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மும்பைத் துறைமுகத்தில் நீல்கமல் என்ற பயணிகள் படகின் மீது கடற்படையின் விரைவுப் படகு மோதியதில் 15 பேர் உயிரிழந்தார்கள். இந்த நிகழ்வுகளில் பயணிகள் எதையும் தீர்மானிக்கும் நிலையில் இல்லை. லைஃப் ஜாக்கெட் போதுமா, ஆள் அதிகமா, வானிலை சரியா என்று கேட்கும் பழக்கமே நமக்கு வளரவில்லை. சங்கத்தில் முதல் பாடமே கவிழ்வதுதான். வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, வெளியே வந்து, துடுப்பை விடாமல் பிடித்து, நண்பரின் படகைத் துணைக்கொண்டு மீண்டும் ஏறுவதை ஒவ்வொருவரும் பழக வேண்டும். அதைக் கற்றவர் அடுத்தமுறை எந்தப் படகில் கால் வைத்தாலும் முதலில் லைஃப் ஜாக்கெட்டைத் தேடுவார். தன் குடும்பத்துக்கும் அதை மாட்டிவிடுவார். இந்தப் பாடத்துக்கான இடங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. செம்பூரில் மாநகராட்சியின் ஜெனரல் அருண்குமார் வைத்யா நீச்சல் குளமும், சிவாஜி பூங்காவருகே மகாத்மா காந்தி நீச்சல் குளமும் இருக்கின்றன. கூட்டம் குறைந்த வேளையில் வாரம் ஒரு மணி நேரம் கேட்டுப் பெறுவது ஒரு தனி ஆளால் ஆகாது. பதிவு பெற்ற சங்கத்தால் ஆகும்.

சங்கம் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம் மும்பைக்கே உரியது. ஒருவர் அமரும் சாதாரணக் கயாக் 3 மீட்டர் நீளம். தாராவியில் ஒரு குடும்பம் முழுவதும் வாழும் அறை பல நேரம் அதே அளவுதான் இருக்கும். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களிலும் மாடிப்படியில் அதை ஏற்ற முடியாது. விலையும் சில பத்தாயிரம் ரூபாய். படகைச் சொந்தமாக வாங்கு என்பது இந்த நகரத்தில் பெரும்பாலோருக்குப் பொருளற்ற அறிவுரை. பத்துப் படகுகளைப் பொதுவில் வாங்கி, கரையோரம் ஒரு கொட்டகையில் வைத்து, வாரத்தில் ஆறு முறை நீரில் இறக்கினால் அறுபது பேர் துடுப்புப் போடலாம். பொதுச்சொத்தைச் சந்தா கட்டிக் காப்பாற்றும் வித்தை மும்பைத் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1932-இல் மாட்டுங்காவில் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், 1952-இல் தோன்றிய சண்முகானந்த சபையும், செம்பூரின் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும், சயானிலுள்ள தமிழ்ச் சங்கமும், தாராவியின் ஆதிதிராவிட மகாஜன சங்கமும் அப்படித்தான் எழுந்தன. பள்ளிக்கும் கச்சேரிக்கும் கோயிலுக்கும் செய்ததைத் தண்ணீருக்கும் செய்யலாம் என்பதுதான் நான் சொல்வது.

தண்ணீரைப் பற்றிய அறிவு எப்படி வளரும் என்பது இந்த ஆய்வின் சுவையான பகுதி. மும்பைக் கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிக அதிகம், 4.5 மீட்டரைத் தாண்டும் ஏற்றங்களை மழைக்காலத்துக்கு முன்பே மாநகராட்சி பட்டியலிட்டு வெளியிடுகிறது. வற்றும்போது தாணே கழிமுகத்தில் சேற்றுப் படுகை வெகுதூரம் வெளியே தெரியும். நேரம் தெரியாமல் போன கயாக் அந்தச் சேற்றில் சிக்கி ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். இந்தக் கரையில் ஒரு பழைய கணக்கு உண்டு. திதியின் எண்ணை முக்கால் மடங்காக்கினால் கடல் முழுதாக ஏறி நிற்கும் நேரம் ஏறக்குறைய வந்துவிடும். அஷ்டமி என்றால் எட்டில் முக்கால் ஆறு. ஆக, காலையும் மாலையும் 6 மணியளவில் ஏற்றம். ஏகாதசிக்கு எட்டேகால். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பதினொன்றேகால், சில சமயம் உச்சிவேளை வரை. நம் வீடுகளில் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திதி தவறாமல் இருக்கிறது. அதை விரத நாளுக்குப் பார்க்கிறோம், கடலுக்குப் பார்ப்பதில்லை. சங்கத்தில் சேர்ந்த பதினைந்து வயதுப் பிள்ளை மூன்று மாதத்தில் இந்தக் கணக்கைச் சரிபார்த்து, எங்கே பொய்க்கிறது என்றும் சொல்லிவிடும். இதில் கோலி மீனவர்கள்தான் ஆசான்கள். மாஹுலிலும் டிராம்பே கோலிவாடாவிலும் இன்றும் படகுத்துறைகள் உண்டு. அவர்களிடம் துணைப்படகை வாடகைக்கு அமர்த்தி, அவர்களுடைய வலைகளும் பாதைகளும் எங்கே என்று கேட்டறிந்து, அதற்கு உரிய தொகையைக் கொடுத்து நடத்தப்படும் சங்கமே நியாயமான சங்கம். அவர்களை ஒதுக்கிவிட்டு அவர்கள் தண்ணீரில் விளையாடுவது தண்ணீரோடு நம் உறவைப் புதுப்பிக்காது.

2005 ஜூலை 26-ஐ இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ள, மித்தியின் நீர் போக வழியின்றிக் குர்லாவுக்குள்ளும் தாராவிக்குள்ளும் பாய்ந்தது. கரைகள் நிரப்பப்பட்டு ஆறு குறுகியிருந்தது அன்றுதான் நகரத்துக்கு உறைத்தது. மித்தி என்று ஓர் ஆறு இருப்பதையே பலர் அந்த வெள்ளத்துக்குப் பின்னரே அறிந்தார்கள். வாரந்தோறும் அதன் மேல் போய்வரும் ஐம்பது குடும்பங்கள் முன்பே இருந்திருந்தால் வெள்ளம் வராமல் இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. கரை எந்த மாதம் எவ்வளவு உள்ளே வந்தது, எந்தக் குழாய் எதைக் கக்குகிறது என்று தேதியோடு சொல்லும் சாட்சிகள் இருந்திருப்பார்கள். ஆற்றுக்கு அத்தகைய சாட்சிகள் வேண்டும்.

இதற்கு வெளியூர்களில் சான்று இருக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் கோவானஸ் கால்வாய் பல தலைமுறைகளாகத் தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் சேர்ந்து கறுத்துக் கிடந்தது. 1999-இல் அங்கே கோவானஸ் டிரெட்ஜர்ஸ் என்ற துடுப்புச் சங்கம் தோன்றி, தன்னார்வலர்களைக் கொண்டு மக்களைப் படகில் ஏற்றி அந்தக் கால்வாயைக் காட்டத் தொடங்கியது. 2010-இல் அமெரிக்க அரசு அதைச் சூப்பர்ஃபண்ட் எனப்படும் கட்டாயச் சுத்திகரிப்புப் பட்டியலில் சேர்த்தது. 2020 நவம்பரில் தூர்வாரும் வேலை தொடங்கியது. சங்கம் மட்டுமே இதைச் சாதித்தது என்று எழுதினால் அது பொய்; பல தரப்பினரின் போராட்டமும் சட்டமும் சேர்ந்த விளைவு அது. ஆயினும் நாறுகிற கால்வாய் என்று முகம் சுளித்தவர்களை எங்கள் கால்வாய் என்று பேச வைத்ததில் துடுப்புக்குப் பங்குண்டு. நமக்கு அருகிலேயே புனேயில், பொறியியல் கல்லூரியின் படகு மன்றத்தை மாணவர்களே நடத்துகிறார்கள். 1928 முதல் ரெகாட்டா என்ற படகு விழா அங்கே ஒரு மரபு, கயாக் அணிவகுப்பும் அதில் உண்டு. புனேயின் ஆறும் தூய்மையானதல்ல. இருந்தும் அந்தக் கரை ஊரின் நினைவிலிருந்து விழாமல் இருப்பதற்கு அந்த மன்றம் ஒரு காரணம். கேரளத்தில் கைனகரி, பள்ளாத்துருத்தி, குமரகம் போன்ற ஊர்களின் படகு மன்றங்கள் நேரு கோப்பை வள்ளங்களிக்கு ஆண்டுதோறும் அணி திரட்டுகின்றன. ஏறக்குறைய நூறு பேர் ஒரே தாளத்தில் வலிக்கும் அந்தப் படகு ஊருடைய மானம்.

சிங்கப்பூரின் சான்று இருமுனைக் கத்தி. 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் உழைத்துச் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் அந்த நாடு சுத்தம் செய்தது. 2008-இல் மரினா தடுப்பணை வந்தபின் அந்த நீர் நன்னீர்த் தேக்கமானது. இன்று மக்கள் கழகத்தின் நீர் விளையாட்டு நிலையங்களில் சாதாரணக் குடும்பங்களும் குறைந்த கட்டணத்தில் கயாக் பயில்கின்றன. படிப்படியான தகுதிச் சான்றும் உண்டு. மும்பை கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அந்தச் சுத்திகரிப்பில் ஆற்றோரம் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்களும் பன்றிப் பண்ணைகளும் சிறு தொழிற்கூடங்களும் சரக்குப் படகுகளும் அகற்றப்பட்டன. தாராவியில் மறுசீரமைப்புத் திட்டம் நடக்கும் இந்தக் காலத்தில் இதை மறக்கக் கூடாது. ஏழைகளை அப்புறப்படுத்திவிட்டு எஞ்சிய தண்ணீரில் வசதியானவர்கள் துடுப்புப் போடுவது நன்மைக் கணக்கில் சேராது.

இனி, யாரும் கேட்கக்கூடிய முதல் ஆட்சேபம்: மித்தியிலா கயாக்? இன்றைய மித்தியில் கூடாது என்பதே என் திட்டவட்டமான பதில். குளிக்கத் தகுந்த நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக்கிருமிகள் 500-க்குள் இருப்பது நல்லது, எந்நிலையிலும் 2,500-ஐத் தாண்டக் கூடாது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியாவில் வகுத்திருக்கும் அளவுகோல். மித்தி இந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் ஆபத்தும் உண்டு. தாராவி உட்பட 7 இடங்களில், நாளொன்றுக்கு மொத்தம் 2,464 மில்லியன் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கு 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அவை முழு அளவில் இயங்கி, வீட்டுக் கழிவும் பட்டறைக் கழிவும் ஆற்றில் கலப்பது நின்ற பிறகே அங்கே பிள்ளைகளை இறக்குவது பற்றிப் பேசலாம். அதுவரை சங்கம் என்ன செய்யும்? வாரநாளில் குளத்தில் பயிலும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தேடிப் போகும். 2020 முதல் பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு வாகனங்களை ஏற்றிச் செல்லும் கப்பல் ஓடுகிறது. படகுகளை வண்டியின் கூரையில் கட்டி ஏற்றினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அலிபாக் கரை. தேர்ந்தவர்களுக்கு கோலாட் அருகே குண்டலிகா இருக்கிறது. மின் உற்பத்தி முடிந்து காலையில் திறந்துவிடும் நீரில் அந்த ஆறு பாய்ந்தோடும். இதற்கிடையில் மாஹிம் கழிமுகத்தில் மாதந்தோறும் நீரெடுத்து ஆய்வகத்தில் சோதித்து, அந்த எண்ணைத் தாராவியில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிவைக்கலாம். எப்போது இறங்கலாம் என்ற கேள்விக்கு அரசியல் அறிவிப்பு பதில் சொல்லக் கூடாது, அந்த எண் சொல்ல வேண்டும். பவாய் ஏரியில் முதலைகள் வாழ்வதால் அதைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது ஆட்சேபம் ஆழமானது. படகு மன்றம் என்றாலே இந்தியாவில் அது மேல்தட்டின் சொத்து. 1846-இல் தோன்றிய பம்பாய் யாட் கிளப்பும் 1867-இல் தோன்றிய மெட்ராஸ் போட் கிளப்பும் வெள்ளைக்காரர்களுக்காக அமைந்தவை. பின்னர் வந்த இந்திய உறுப்பினர்களும் பணக்காரர்களே. கயாக் சங்கமும் செம்பூர் அடுக்ககவாசிகளின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக முடியாதா? முடியும், விதிகளை முதலிலேயே எழுதாவிட்டால் அப்படித்தான் முடியும். மும்பைத் தமிழ் அமைப்புகளின் வரலாறே இதற்கு எச்சரிக்கை. மாட்டுங்காவின் சபைகளும் தாராவியின் சங்கங்களும் ஒரே மொழி பேசினாலும் சாதியாலும் வர்க்கத்தாலும் பிரிந்தே வளர்ந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும், வங்கி வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே அணியில் நிற்கும் இடங்கள் மிகக் குறைவு. கயாக்கில் இருவர் அமரும் வகை உண்டு. முன்னால் இருப்பவரின் துடுப்போடு பின்னால் இருப்பவர் இசையாவிட்டால் படகு நேராகப் போகாது. கவிழ்ந்தால் பக்கத்துப் படகுக்காரர் கைகொடுக்காமல் ஏறவும் முடியாது. இவ்வளவு நேரடியாக ஒருவர் மற்றவரை நம்ப வேண்டிய விளையாட்டு அதிகம் இல்லை. ஆகவே உறுப்பினர்களில் பாதிப்பேர் தாராவியிலிருந்து, வருமானத்துக்கேற்ற சந்தா, செயற்குழுவிலும் அதே பங்கு என்று விதி இருந்தால், இந்தச் சங்கம் நம் சபைகள் செய்யாததைச் செய்யும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடலுழைப்புக் குறைவு பெண்களிடம் மிக அதிகம் என்று மேலே கண்டோம். ஓட்டத்துக்கும் நீச்சலுக்கும் தடையாகச் சொல்லப்படும் உடை, பார்வை, நேரம் ஆகியவை இங்கே ஓரளவு தளர்கின்றன. முழு உடையின் மேல் லைஃப் ஜாக்கெட் அணிந்தே துடுப்புப் போடலாம். குழுவாகப் போவதால் வீட்டாரின் தயக்கமும் குறையும். கால்கள் செயல்படாதவர்களுக்கும் இந்த விளையாட்டு திறந்திருக்கிறது. குவாலியரில் பிறந்த பிராச்சி யாதவ் நீச்சலில் தொடங்கி, போபால் ஏரியில் கயாக்கும் கனோவும் பயின்று, டோக்கியோ பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் பாரா கனோ வீராங்கனையாகக் களமிறங்கினார். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் பாரா விளையாட்டில் தங்கமும் வெள்ளியும் வென்றார். அதே நகரில் அதே ஆண்டு நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அர்ஜுன் சிங், சுனில் சிங் இருவரும் கனோ இரட்டையர் 1,000 மீட்டரில் வெண்கலம் வென்றார்கள். மும்பையின் சங்கத்திலிருந்து பதக்கம் வரும் என்று ஆசை காட்டி உறுப்பினர் சேர்ப்பது முறையல்ல. போபால் ஏரியில் பயிற்சியும் படகும் ஆசிரியரும் ஓரிடத்தில் கிடைத்ததால்தான் அந்தத் திறமை வெளிப்பட்டது என்பதே நாம் கொள்ள வேண்டிய செய்தி.

மூன்றாவது ஆட்சேபம் பறவைகளின் பெயரால் வருவது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். தாணே கழிமுகம் 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் ஆயிரமாயிரமாகப் பூநாரைகள் இரைதேடும் சேற்றுப் படுகையில் கயாக் நுழைந்தால், சத்தமில்லாவிட்டாலும் அவை எழுந்து பறக்கும். ஒவ்வொரு முறையும் இரையும் ஆற்றலும் வீணாகும். கயாக் பருவமும் பூநாரைப் பருவமும் ஒன்றே என்பதால் இந்த மோதல் கற்பனையல்ல. அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் போகாதிருப்பது, பறவைக் கூட்டத்திலிருந்து வெகுதூரம் விலகிச் செல்வது, ஒரே நேரத்தில் இறங்கும் படகுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது ஆகியவற்றை மீறுபவரை நீக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இருக்க வேண்டும். தனித்தனியாக வரும் பயணிகள் மீது அந்த அதிகாரம் யாருக்கும் இல்லை. அலையாத்திக் காட்டை அழிப்பது குடிமக்களின் வாழ்வுரிமைக்கு எதிரானது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்து, காட்டைச் சுற்றி 50 மீட்டருக்குள் கட்டுமானத்தையும் தடுத்தது. எனவே சங்கம் தனக்கென்று புதுக் கரையை வெட்டக் கூடாது. இருக்கிற படகுத்துறையைத்தான் கேட்டுப் பெற வேண்டும். டிராம்பே பக்கம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பாதுகாப்பு வளையமும் உண்டு. அதற்குள் விளையாட்டுக்கு இடமில்லை.

இந்த நகரம் ஏற்கெனவே ஒருமுறை இப்படிப்பட்ட மீட்சியைச் செய்து காட்டியிருக்கிறது. தாராவியை ஒட்டி மித்திக் கரையில் 37 ஏக்கர் குப்பைமேடு இருந்தது. மரம் நட்டு வளர்த்து, 1994-இல் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவாக அது திறக்கப்பட்டது. இன்று பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் பள்ளிப் பிள்ளைகளும் வருகிற காடு அது. நிலத்துக்குச் செய்ததை அதன் வேலிக்கு அப்பால் ஓடும் நீருக்கும் செய்யும் காலம் வரும்போது, அந்தக் கரையில் மக்கள் இறங்க ஒரு படித்துறை வேண்டும். மறுசீரமைப்பு வரைபடங்களில் கோபுரங்களும் சாலைகளும் முடிவாகிக்கொண்டிருக்கும் இப்போதே, ஆற்றை நோக்கிச் சில மீட்டர் அகலத்தில் ஒரு பொதுவழியும் ஒரு படித்துறையும் ஒரு படகுக் கொட்டகையும் தாராவி மக்களின் பெயரில் கேட்கப்பட வேண்டும். சுவர் எழும்பிவிட்டால் அதைக் கேட்பது இன்னும் கடினமாகும். அந்தக் கோரிக்கையில் கையெழுத்திட, துடுப்புப் பிடிக்கத் தெரிந்த அறுபது பேர் கொண்ட ஒரு சங்கம் அடுத்த மழைக்காலம் முடிந்து அக்டோபரில் செம்பூர்க் குளத்தில் பயிற்சியைத் தொடங்கினால் போதும்.